மென்பவளம் வாடினால் எங்கே தேடுவது? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

கடல்நீர்த் தொட்டியில் மென்பவளம் வளர்ப்பவர்களிடமிருந்து இரவு பத்து மணிக்கு மேல் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும்: "அண்ணா, லெதர் மூணு நாளா மூடியே இருக்கு. அயோடின் ஊத்தட்டுமா?"

லெதர் என்பது தோல்போன்ற மேற்பரப்புள்ள ஒரு மென்பவளம். ஊற்ற வேண்டாம் என்பதுதான் எப்போதும் என் முதல் பதில். மென்பவளம் தன் கஷ்டத்தைச் சொல்ல அதனிடம் இருப்பது நாலைந்து சைகைதான். மூடும், சுருங்கும், தொங்கும், வெளுக்கும், கரையும். இருபது விதமான தொல்லைக்கும் இந்த நாலைந்தையேதான் மாற்றி மாற்றிக் காட்டும். உப்பு கூடினாலும் மூடும், புழு கடித்தாலும் மூடும், ஒன்றுமே இல்லாமல் தோல் உரிக்கும்போதும் மூடும். அறிகுறியை மட்டும் வைத்துக்கொண்டு பாட்டிலைத் திறந்தால், இருந்த ஒரு தொல்லை இரண்டாகும்.

அதனால் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி. வாடியிருப்பது ஒன்றா, ஓரினமா, எல்லாமா?

ஒன்றே ஒன்று வாடி, அதே இனத்தின் இன்னொரு துண்டு வேறு மூலையில் நன்றாக விரிந்திருந்தால் தண்ணீர்மேல் பழி போடாதீர்கள். அதன் இடம், அங்கே அடிக்கும் ஓட்டம், வெளிச்சம், பக்கத்தில் இருக்கும் பவளம், கடித்துவிட்டுப் போன மீன் என்று அந்தச் சாண் அகலத்துக்குள்தான் காரணம் இருக்கும். சோவாந்தஸ் என்னும், பொத்தான்போல் கூட்டமாக வளரும் உயிர் மட்டும் எல்லா இடத்திலும் மூடிக்கிடந்து மற்றவை சாதாரணமாக இருந்தால், அந்த இனத்தையே தின்னும் உயிரைத் தேட வேண்டும். எல்லாமே ஒரே நாளில் சுருங்கினால் அது தண்ணீர், வெப்பம், நஞ்சு இந்த மூன்றில் ஒன்று. இந்த மூன்று நிலையில் அவசரப்பட வேண்டியது இது ஒன்றுதான்.

அடுத்துக் கேட்பது, கடந்த பத்து நாளில் என்ன மாறியது என்று. புது விளக்கு, புது மீன், புது உப்பு டப்பா, தண்ணீரைச் சுத்தம் செய்யும் கார்பனை மாற்றியது, வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தது, கொசு மருந்து. "ஒண்ணும் மாத்தலையே" என்பார்கள். அரை மணி நேரம் கழித்து, "ஆங், வேவ்மேக்கரைக் கழட்டிக் கழுவினேன்" என்று நினைவு வரும். வேவ்மேக்கர் என்பது தொட்டிக்குள் ஓட்டம் உண்டாக்கும் பம்ப். ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தால் இந்த அரை மணி நேரம் மிச்சம்.

எல்லாமே சுருங்கியிருந்தால்

முதலில் உப்பை அளந்து பாருங்கள். மற்ற டெஸ்ட் கிட்டெல்லாம் அப்புறம்.

இலக்கு 35 பி.பி.டி., அதாவது ஆயிரம் பங்கில் 35 பங்கு உப்பு. 25 டிகிரி வெப்பத்தில் அடர்த்தி எண் சுமார் 1.026. ஒரு மே மாதம் சென்னையில் என் 150 லிட்டர் தொட்டியில் லெதர், சினுலேரியா, மஷ்ரூம் என்று எல்லாப் பவளமும் ஒரே வாரத்தில் சுருங்கின. பிளாஸ்டிக் பெட்டிக்குள் முள் ஆடுமே, அந்த ஹைட்ரோமீட்டரில் 1.024 காட்டியது. குறைகிறதே என்று மாற்றும் தண்ணீரில் இரண்டு வாரமாக உப்பைக் கொஞ்சம் தூக்கலாகவே கலந்து ஊற்றினேன். பவளங்கள் மேலும் சுருங்கின. நண்பர் ஒருவர், ஒளி விலகலை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கொண்டுவந்து ஒரு சொட்டு விட்டுப் பார்த்தபோது நீலக்கோடு 39இல் நின்றது. என் ஹைட்ரோமீட்டர் முள்ளின் அடியில் வெள்ளையாக உப்பு படிந்து கல்லாகியிருந்தது. அந்தப் பாரத்தால் முள் கீழேயே நின்று, குறைவாகக் காட்டியிருக்கிறது. முள்ளில் காற்றுக்குமிழி ஒட்டினால் நேர்மாறாக, முள் மேலே எழும்பி, இல்லாத உப்பைக் காட்டும்.

அன்றிலிருந்து நான் ரிஃப்ராக்டோமீட்டரை மட்டும்தான் நம்புகிறேன். அதையும் ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யம் வைத்து விட்டுவிடாமல், 35 பி.பி.டி. கரைசல் ஒரு சொட்டு விட்டு மாதத்துக்கு ஒருமுறை சரிசெய்கிறேன். நாம் பார்க்க வேண்டிய இடம் 35தான். பூஜ்யத்தில் சரியாக நிற்கும் கருவி அங்கே தவறலாம்.

உப்பு கூடியிருந்தால் இறக்குவதற்குக் கணக்கு இருக்கிறது. 150 லிட்டரில் 39ஐ 35 ஆக்க, சுமார் 15 லிட்டர் உப்புத் தண்ணீரை எடுத்துவிட்டு அதே அளவு ஆர்.ஓ. தண்ணீர் விட வேண்டும். ஒரே மூச்சில் செய்யாதீர்கள். நாளைக்கு நான்கு லிட்டர் வீதம் நான்கு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் 1 பி.பி.டி.க்கு மேல் நகர்த்தாமல் இருப்பது நல்லது. உப்பு குறைந்து போயிருந்து ஏற்றுவதானால் இன்னும் நிதானமாக.

கோடையில் உப்பு ஏறும் வழி இன்னொன்று. விசிறி வைத்துக் குளிர்விக்கிறோம். விசிறி குளிர்விப்பதே தண்ணீரை ஆவியாக்கித்தான். 150 லிட்டர் தொட்டியில் நாளைக்கு ஐந்து லிட்டர் போனால், 35 என்பது மறுநாளே 36ஐத் தாண்டும். போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கும். அதனால் ஆவியான அளவுக்கு ஊற்றும் டாப்-அப் எப்போதும் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீராக இருக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் டாப்-அப் செய்யும் பழக்கத்தைப் புதியவர்களிடம் அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு வாரத்தில் தொட்டி முழுக்கச் சுருங்கிவிடும்.

உப்பு சரி என்றால் வெப்பம். 24 முதல் 27 வரை வசதி. 29இல் பல மென்பவளங்கள் தாக்குப்பிடிக்கும். 31இல் ஒரு வாரம் என்றால் தொங்கத் தொடங்கும், பிறகு வெளுக்கும். வெப்பநிலைமானியைக் காலை ஏழுக்கும் மாலை நான்குக்கும் பாருங்கள். காலையில் மட்டும் பார்த்துவிட்டு "27தான் இருக்கு" என்பவர்களின் தொட்டி மாலையில் 31 தொடும். சென்னை மாதிரி காற்றில் ஈரம் நிறைந்த ஊரில் விசிறி இரண்டு மூன்று டிகிரிதான் இறக்கும். வெளியே 38 அடிக்கும்போது அது போதாது. சில்லர் வாங்க முடியாதவர்கள் விளக்கை மதியத்திலிருந்து மாலைக்கும் இரவுக்கும் தள்ளி வைத்தால் உச்சி வெயிலின் சூடும் விளக்கின் சூடும் ஒன்றாகச் சேராது. சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவாகத்தான் தங்கும். கரண்ட் போய் ஓட்டம் நின்றால் பவளத்துக்கும் மீனுக்கும் சேர்த்தே மூச்சு முட்டும். பேட்டரியில் ஓடும் ஒரு சிறிய ஏர் பம்ப் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஏ.சி. போட்டுக் கதவடைத்த படுக்கையறைத் தொட்டிகளுக்கு வேறு ஒரு தொல்லை உண்டு. இரவெல்லாம் நாம் விடும் கரியமிலவாயு அறையில் தேங்கி, காற்றுக்குமிழி விட்டு அழுக்கை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மர் வழியே தண்ணீருக்குள் போய், விடியற்காலை பி.எச். 7.7க்குக் கீழே விழும். பவளம் காலையில் மூடி, மாலையில் விரியும். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பி.எச். ஏற்றும் பொடி எதுவும் தேவையில்லை.

இனி நஞ்சு. நம் வீடுகளில் இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். கொசுவுக்குச் சுவரில் செருகும் திரவத்திலும் கரப்பானுக்கு அடிக்கும் ஸ்பிரேயிலும் பைரெத்ராய்டு இருக்கும். மீனுக்கும் இறாலுக்கும் அது கொடிய நஞ்சு. ஏர் பம்பும் ஸ்கிம்மரும் அறைக்காற்றை உறிஞ்சி நேரே தண்ணீரில் கலக்கின்றன. இறால் கவிழ்ந்து கிடந்து, அதே நாளில் பவளமும் மூடினால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்து செம்பு கலந்த மருந்தை இதே தொட்டியில் விட்டிருந்தாலும் இதே கதைதான். செம்பு கல்லில் ஏறிக்கொண்டு பிறகு மெல்ல மெல்லக் கசியும். வேவ்மேக்கரின் காந்தத்தைக் கழற்றி, மேலுறை வெடித்துத் துரு வந்திருக்கிறதா என்று பாருங்கள். நான் இதுவரை பார்த்த மர்மமான வாடல்களில் இரண்டுக்குக் காரணம் துருப்பிடித்த காந்தம்தான்.

நஞ்சு என்று சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது: புது ஆக்டிவேட்டட் கார்பனைக் கழுவிப் போடுங்கள், அன்றே கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள், இரண்டு நாள் கழித்து இன்னொரு கால்வாசி. மாற்றும் தண்ணீரை, டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பூஜ்யம் காட்டும் ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீரில் (ஆர்.ஓ.வுக்குப் பிறகு மிச்ச உப்பையும் நீக்கியது) கலக்க வேண்டும். லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும் நேரடியாக வேண்டாம். வீட்டில் குடிப்பதற்கு வைத்திருக்கும் ஆர்.ஓ. மெஷினில் சுவைக்காகத் தாது சேர்ப்பார்கள், டி.டி.எஸ். 50, 80 என்று நிற்கும். அது நாம் குடிக்கத்தான்.

இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் மற்ற டெஸ்ட் கிட்டை எடுங்கள். அமோனியா பூஜ்யம். கே.எச். (தண்ணீரின் காரத்தன்மை) 7.5 முதல் 10க்குள், அதைவிட முக்கியமாக ஒரே இடத்தில். ஒரு நாளில் 1 புள்ளிக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. கால்சியம் 400 முதல் 450, மக்னீசியம் 1,250 முதல் 1,400. நைட்ரேட் 2 முதல் 15 பி.பி.எம்., பாஸ்பேட் 0.03 முதல் 0.1. மென்பவளத் தொட்டியில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். அது பட்டினி.

லெதர் மட்டும் மூடி, மேலே மெழுகு பூசியதுபோல் இருந்தால்

இது நோயே இல்லை. இருந்தாலும் இதற்காகத்தான் அதிகம் பேர் பயப்படுகிறார்கள்.

சார்கோஃபைட்டான் என்னும் குடைக்காளான் வடிவ லெதர், சினுலேரியா, லோபோஃபைட்டம் மூன்றும் அவ்வப்போது மேல்தோலை உரிக்கும். முதல் நாள் பாலிப் எனப்படும் பூப்போன்ற குட்டி உயிர்கள் எல்லாம் உள்ளே போகும். அடுத்த நாள் தலை வழவழவென்று ஆகி, டார்ச் அடித்தால் மெழுகுபோல் மின்னும். பிறகு அந்தப் படலத்தின்மேல் பழுப்பாகப் பாசியும் தூசியும் ஒட்டும், பார்க்கச் செத்ததுபோலவே இருக்கும். நான்காம் ஐந்தாம் நாள் தலையின் ஓரத்தில் படலம் சுருண்டு, பழுத்த வெங்காயச் சருகுபோல் ஓட்டத்தில் ஆடும். அது பிய்ந்து போனதும் அடியில் வெளிறிய புதுத்தோல். அதில் ஊசிமுனை அளவுக்குப் புள்ளி புள்ளியாகப் பாலிப்புகள் எட்டிப் பார்க்கும். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் எட்டு கை, கையின் இருபுறமும் இறகுபோல் கிளை. எட்டுக்கைப் பவளங்கள் எல்லாவற்றுக்கும் உள்ள அடையாளம் இது. மேலே படியும் பாசியையும் கிருமியையும் லெதர் இப்படித்தான் உதறுகிறது.

மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் சாதாரணம். புதிதாக வாங்கிவந்தது என்றால் இரண்டு வாரம்கூட ஆகலாம். அதற்கு உதவி செய்ய ஒரே வழி ஓட்டம். வேவ்மேக்கரைச் சற்றுத் திருப்பி, தலைக்கு மேலே தண்ணீர் அலைந்து போகும்படி வையுங்கள். ஒரே திசையில் குழாய்போல் பீச்சினால் அந்தப் பக்கம் புண்ணாகும். பாதி பிய்ந்து தொங்கும் படலத்தைப் பைப்பெட்டால் ஊதிவிடலாம். கையால் உரிக்காதீர்கள், புதுத்தோலும் சேர்ந்து வரும்.

கவலைப்பட வேண்டியது எப்போது? மூன்று வாரமாகியும் திறக்கவில்லை, தண்டு குழைகிறது, தலையில் கறுப்புத் திட்டு, கிள்ளினால் நாற்றம் என்றால் கீழே கரைதல் பற்றிச் சொல்லும் இடத்துக்குப் போங்கள். தண்டு கெட்டியாக இருக்கும்வரை லெதர் உயிரோடுதான் இருக்கிறது.

உரிக்கவும் இல்லை, ஆனால் ஒரு லெதர் மட்டும் தினமும் மூடுகிறது என்றால் நாற்காலி போட்டு எதிரில் உட்காருங்கள், ஒரு மணி நேரம். க்ளவுன் மீன் அதை அனிமோனாக நினைத்து உடம்பைத் தேய்த்துக்கொண்டிருக்கும், இல்லையென்றால் குள்ள ஏஞ்சல் மீன் வந்து வந்து கொத்திப் போகும். க்ளவுன் தேய்ப்பதைப் பெரிய லெதர் சில வாரத்தில் பழகிக்கொள்ளும். கொத்தும் ஏஞ்சல் பழகாது, மீனைத்தான் எடுக்க வேண்டும். மீன் கொத்தாமலேயே வட்டமாக வழித்தெடுத்த புண் தெரிந்தால் வெள்ளை முட்டைபோல் ஓடும் கறுப்பு மேற்போர்வையும் உள்ள ஒரு நத்தையைத் தேடுங்கள். லெதர்தான் அதன் சாப்பாடு.

சோவாந்தஸ் மட்டும் மூடியிருந்தால்

சோவாந்தஸ் இனத்தால் மென்பவளமே அல்ல, ஆனால் நம் தொட்டிகளில் அவற்றோடுதான் குடியிருக்கிறது. பழுது பார்க்கும் முறையும் ஒன்றுதான். ஒரு வரி எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். சோவாந்தஸின் உறவான பாலித்தோவாவிலிருந்து 1971இல் ஹவாயில் பிரித்தெடுத்த பாலிடாக்சின், அறியப்பட்ட இயற்கை நஞ்சுகளில் மிகக் கொடியவற்றில் ஒன்று. கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று சோவாந்தஸ் ஒட்டிய கல்லை வெந்நீரில் போட்டு, ஆவி வீடு முழுக்கப் பரவி, குடும்பமே மருத்துவமனைக்குப் போனது வெளிநாடுகளில் பலமுறை நடந்திருக்கிறது. கொதிக்க வைக்காதீர்கள், தண்ணீருக்கு வெளியே வைத்து பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், வெட்டும்போது முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அந்த வேலையை இன்னொரு நாளைக்குத் தள்ளிவையுங்கள்.

இப்போது தேடல். விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச் முனையில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிப் பாருங்கள். சிவப்பு வெளிச்சத்துக்கு இரவு உயிர்கள் அவ்வளவாக மிரளாது. சோவாந்தஸைத் தின்னும் ஓடில்லாக் கடல் நத்தை ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. தின்ற பாலிப்பின் நிறமே அதன் முதுகு இறகுகளில் ஏறியிருக்கும். பச்சை சோவாவைத் தின்றது பச்சையாகவே இருக்கும், பகலில் பார்த்தால் மூடிய பாலிப் என்றே தோன்றும். காலனியைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் வெள்ளைச் சுருளாக முட்டை. இன்னொன்று சன்டயல் நத்தை. தட்டையான ஓடு, கறுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாகச் சுருளும். அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்தால் ஒரு காலனியே போகும்.

கையில் கிடைத்ததைப் பிடுங்கி எடுங்கள். பிறகு காலனியைத் தொட்டித் தண்ணீர் எடுத்த தனி வாளியில் டிப் (பூச்சியை விரட்டும் மருந்துக் குளியல்) போடுங்கள், பாட்டிலில் சொன்ன அளவுக்கும் நேரத்துக்கும் மேல் வேண்டாம். டிப் முட்டையைக் கொல்லும் என்று நம்பாதீர்கள். முட்டையைப் பழைய டூத் பிரஷால் வாளித் தண்ணீருக்குள்ளேயே மெதுவாக வழித்தெடுத்துவிட்டு, ஆறேழு நாள் கழித்து மறுபடி டிப், அடுத்த வாரம் இன்னொருமுறை. மூன்று முறை செய்யாமல் "ஒருமுறை போட்டேன், திரும்ப வந்துவிட்டது" என்று சொல்பவர்கள் நிறைய. திரும்ப வந்தது முட்டையிலிருந்து பொரித்தது.

பூச்சி எதுவும் இல்லை, பாலிப்பின் தண்டில் வெள்ளையும் மஞ்சளுமாகச் சின்னச் சின்னக் கொப்புளம் தெரிகிறது என்றால் அது ஒரு தொற்று. அந்தக் காலனியை உடனே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். கொப்புளமும் இல்லாமல், பாலிப்புகளுக்கு நடுவே நூல் பாசி ஏறி மூட வைத்திருந்தால் பாசியைத்தான் எடுக்க வேண்டும், பவளத்துக்கு வைத்தியம் இல்லை.

புதிதாக வாங்கும் ஒவ்வொரு துண்டையும் மூன்று நான்கு வாரம் தனியாக வைத்தால் இந்தப் பகுதியே தேவைப்படாது. இன்னொருவர் தொட்டியில் வளர்ந்து வெட்டிய ஃப்ராக் என்னும் துண்டையே வாங்குங்கள். கடலிலிருந்து பிடுங்கி வந்ததில்தான் பூச்சியும் அதிகம், சாவும் அதிகம். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் போனபோது கரையில் கிடைத்தது என்று யாராவது கடல் விசிறி கொடுத்தால் தொடாதீர்கள். கடல் விசிறியும் ஆர்கன் பைப் பவளமும் மென்பவளத்தின் சொந்தங்கள்தான். கல் பவளங்களோடு சேர்த்து இவற்றையும் 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், வைத்திருப்பதே குற்றம்.

நிறம் மாறினால்

மென்பவளத்தின் பழுப்பு அதன் தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசியின் நிறம். அந்தப் பாசிதான் வெளிச்சத்தில் சமைத்து அதற்குச் சோறு போடுகிறது.

வெளுக்கிறது என்றால் பாசி வெளியேறுகிறது. வெளிச்சம் திடீரென்று கூடியிருக்கும், வெப்பம் ஏறியிருக்கும், அல்லது தண்ணீர் அளவுக்கு மீறிச் சுத்தமாகியிருக்கும். புது எல்.இ.டி. விளக்கை முதல் நாளே நூறு சதவீதத்தில் எரியவிட்டவர்கள் ஏராளம். 30, 40 சதவீதத்தில் தொடங்கி வாரத்துக்கு ஐந்து ஏற்றுங்கள். பெரும்பாலான மென்பவளத்துக்கு 50 முதல் 150 பார் (பாசிக்குப் பயன்படும் வெளிச்சத்தின் அளவு) போதும், மஷ்ரூமுக்கு அதில் கீழ்ப்பாதி. யாரும் யோசிக்காத ஒரு காரணமும் உண்டு. மாதக்கணக்கில் கார்பன் மாற்றாத தொட்டியில் தண்ணீர் லேசான தேநீர் நிறத்துக்கு வந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. புது கார்பன் போட்ட மறுநாள் தண்ணீர் கண்ணாடியாகி, அதே விளக்கு பவளத்தின்மேல் இரு மடங்காக அடிப்பதுபோல் ஆகிவிடும். வெள்ளை வாளியில் தொட்டித் தண்ணீரையும் புதிதாகக் கலந்த உப்புத் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். கார்பன் பாதியளவு போட்டு, விளக்கையும் கொஞ்சம் இறக்குங்கள்.

பழுப்பு கூடிக் கருத்துப் போவது ஆபத்தில்லை. வெளிச்சம் குறைவு, நைட்ரேட் கூடுதல். மஷ்ரூம் தண்டை நீட்டி எக்குவதும் லெதர் ஒரு பக்கமாகச் சாய்வதும் வெளிச்சத்தைத் தேடித்தான். ஒரு படி மேலே வையுங்கள், இரண்டு வாரம் பொறுங்கள். இதில் ஒரு அவசரம் எல்லோருக்கும் வரும்: மறுநாள் சரியாகவில்லை என்று இன்னொரு இடம், அதற்கு மறுநாள் வேறொரு இடம். இடம் மாறிய பவளம் புது இடத்துக்குத் தன் பாசியைச் சரிசெய்துகொள்ளவே பத்து நாளாகும்.

அண்டைச் சண்டை

லெதர் பவளங்கள் டெர்பீன் வகை நஞ்சுகளைத் தண்ணீரில் விடும். நிழல் விழும் தூரத்தில் இன்னொரு பவளம் வந்து இடத்தைப் பிடிக்காமல் இருக்க அது கண்ட வழி. கடலில் அலை அடித்துக்கொண்டு போய்விடும். 150 லிட்டரில் அது சுற்றிச் சுற்றி வரும். பெரிய லெதருக்கு ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் இருக்கும் பவளம் மட்டும் வாடினால், அல்லது லெதரை வெட்டிய இரண்டு நாளுக்குள் மற்றவை மூடினால், இதுதான். கார்பனும் தண்ணீர் மாற்றமும் மருந்து. கார்பனை மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவதை நிறுத்தாதீர்கள். கல் பவளமும் பெரிய லெதரும் ஒரே சின்னத் தொட்டியில் வேண்டாம் என்பது என் திடமான எண்ணம். சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கார்பனோடு கட்டிப்போட்டது போல் வாழ்கிறார்கள்.

சில்லறைத் தொல்லைகள்

கென்யா ட்ரீ என்னும் மரவடிவ மென்பவளம் கிளையை உதிர்த்தால் அது நோய் இல்லை, குட்டி போடுகிறது. மஷ்ரூம் கல்லை விட்டு மிதந்து போனால் இடம் பிடிக்கவில்லை. ஒரு கிண்ணத்தில் சிறு கற்களோடு போட்டு மேலே கொசுவலைத் துண்டு கட்டி, ஓட்டமில்லாத மூலையில் வையுங்கள், இரண்டு மூன்று வாரத்தில் கல்லைப் பிடிக்கும். மஷ்ரூமின் முதுகில் துருப்பொட்டுபோல் தட்டையாக ஒட்டி நகர்ந்தால் தட்டைப்புழு, டிப்புக்கு உதிரும். ஜி.எஸ்.பி. (பச்சை நட்சத்திரப் பாலிப்) வாரக்கணக்கில் மூடிக்கிடந்தாலும் ஊதா நிறப் பாய் கெட்டியாக இருந்தால் கவலை வேண்டாம், பாயின்மேல் படிந்த அழுக்கை ஊதிவிட்டு ஓட்டம் கொடுங்கள்.

கடையில் சிவப்பும் ஆரஞ்சுமாக, கண்ணாடித் தண்டோடு பூத்து நிற்கும் கார்னேஷன் பவளம் வாங்கி வாடியவர்களிடம் என்னால் வழி எதுவும் சொல்ல முடிந்ததில்லை. டென்ட்ரோநெஃப்தியா என்னும் அந்தப் பவளத்தின் உடம்பில் பாசி கிடையாது, வெளிச்சம் அதற்குச் சோறு போடாது. நாள் முழுக்க மிதவை உயிர்களை ஓயாமல் ஊட்ட வேண்டும். வீட்டுத் தொட்டியில் அது மெல்லப் பட்டினியால் சாகிறது. தயவுசெய்து வாங்காதீர்கள்.

ஜீனியா துடிப்பதை நிறுத்தினால்

ஜீனியா, கைகளை மூடித் திறந்து துடித்துக்கொண்டே இருக்கும் மென்பவளம். அந்தக் குடும்பத்தின் துடிப்பு வெறும் அழகுக்கு இல்லை. செங்கடலில் ஹெட்டரோஜீனியாவை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள்: கைகள் மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் பவளத்தைச் சுற்றித் தேங்கும் ஆக்சிஜன் அடித்துச் செல்லப்படுகிறது, உள்ளிருக்கும் பாசியின் ஒளிச்சேர்க்கை கூடுகிறது. பிற்பகலில் கொஞ்ச நேரம் அவை ஓய்ந்து நிற்பதையும் பார்த்தார்கள். அதனால் மதியம் அரை மணி நேரம் நின்றதும் பதற வேண்டாம். பகல் முழுக்க நின்றால் பி.எச்., வெப்பம், கார்பன் இந்த வரிசையில் பாருங்கள். வேகமான ஓட்டத்தில் வைத்தாலும் துடிப்பு குறையும்.

நன்றாக இருந்த ஜீனியாக் காடு இரண்டு நாளில் மொத்தமாகக் கரைவதும் உண்டு. கரையத் தொடங்கியதைக் காப்பாற்றலாம் என்று வைத்திருக்காதீர்கள். சைஃபன் குழாயால் உறிஞ்சி வெளியே எடுங்கள், இல்லையென்றால் அமோனியா ஏறி மற்றவையும் போகும். கெட்டியாக இருக்கும் ஒரு கிளையை மட்டும் கிள்ளி, நண்பர் தொட்டியில் கொடுத்துவையுங்கள்.

கரைந்தால், கறுத்தால், நாறினால்

பவளத்தை அதன் கல்லோடு ஒரு கிண்ணத்தில் எடுத்து முகர்ந்து பாருங்கள். சோவாந்தஸுக்கு இந்தச் சோதனை வேண்டாம். கடல் வாடை என்றால் பொறுக்கலாம். அழுகிய முட்டை நாற்றம் என்றால் அன்றே வெட்ட வேண்டும், அழுகல் ஒரு ராத்திரியில் இரண்டு விரல் அகலம் ஏறுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வெட்டுவது தொட்டிக்குள் அல்ல. இரண்டு கிண்ணம், இரண்டிலும் தொட்டித் தண்ணீர், புது பிளேடு, கையுறை. கறுத்த இடத்தின் ஓரத்தில் வெட்டக்கூடாது, நல்ல தசைக்குள் ஒரு சென்டிமீட்டர் தள்ளி வெட்டுங்கள். வெட்டுவாய் ஒரே நிறத்தில், கெட்டியாக, மணல்போல் நறநறவென்று இருக்க வேண்டும். அந்த நறநறப்பு தசைக்குள் இருக்கும் சுண்ணாம்பு முட்கள். பழுப்புக் கோடோ கூழோ தெரிந்தால் இன்னும் உள்ளே போங்கள். தலை முழுக்கப் போய்த் தண்டு மட்டும் நல்லதாக இருந்தால் தண்டையே வைத்துக்கொள்ளலாம், லெதர் தண்டிலிருந்து மறுபடி தலை கட்டும்.

நல்ல துண்டை இரண்டாவது கிண்ணத்தில் அலசி, கொழகொழப்பு நிற்கும்வரை ஓரிரு முறை தண்ணீர் மாற்றி, அயோடின் டிப்பில் சொன்ன நேரம் வைத்து எடுங்கள். அயோடினுக்கு வேலை இருக்கும் இடம் இதுதான். லெதரில் பசை ஒட்டாது, உரிந்து விழும். சிறு கல்லின்மேல் வைத்து ரப்பர் பேண்டை இறுக்காமல் ஒரு சுற்று போடுங்கள், இறுக்கினால் அந்த இடமே வெட்டுப்படும். மிதமான ஓட்டம், பாதி வெளிச்சம், புது கார்பன். கிண்ணங்களின் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள்.

பத்து நாளில் வெட்டுவாயின் ஓரம் உள்ளே சுருண்டு மூடியிருக்கும். மூன்றாம் வாரம் ரப்பர் பேண்டைக் கத்திரித்துவிட்டுக் கல்லை லேசாகச் சாய்த்துப் பாருங்கள். துண்டு கல்லோடு சேர்ந்தே சாய்ந்தால் பிடித்துக்கொண்டது. முதல் பாலிப் எனக்கு ஐந்தாம் வாரம் வந்தது.